வாசகர் கடிதம் வராத நாவல்

"விக்காத புஸ்தகத்துக்குத் துப்பறியச் சொன்னா ஒரு நியாயம் இருக்குதுங்க பாய். வித்துத் தீந்த புஸ்தகத்துக்கு நாங்க எதுக்குங்க?"

மேஜை மேலிருந்த பெட்டியிலிருந்து இரண்டாவது மைசூர்பாவை எடுத்தபடி கேட்டான் கண்ணையா.

ஷேக் பரீத் சிரிக்கவில்லை. கோயமுத்தூர் டவுன்ஹாலுக்குப் பின்னால், ஒரு பைண்டிங் கடையின் மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, மாதம் ஒரு நாவலாக 'மின்மினி பாக்கெட் நாவல்' போட்டு வருபவர். வீட்டுக்கு வீடு கேபிள் டி.வி. வந்து, பஸ் ஸ்டாண்டுகளில் நாவல் விற்பனை படுத்துவிட்ட தொண்ணூற்றைந்தாம் வருஷம் அது. அப்படிப்பட்ட வருஷத்தில் தை மாத நாவல் எல்லா ஊரிலும் தீர்ந்துபோய், ஏஜெண்டுகள் இன்னும் வேண்டும் என்று போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். பரீத்தின் முகத்தில் மட்டும் களையே இல்லை.

அவருக்கு எதிரே ராமாமணி உட்கார்ந்திருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஊரார் சண்டைகளையெல்லாம் காதில் வாங்கியவள். அந்த வேலையை விட்ட பிறகு கிராஸ்கட் ரோட்டில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். கண்ணையா அவளுடைய உதவியாளன். முன்பு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். இப்போது ராமாமணியிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு வாயடிக்கிறான்.

மைசூர்பா வாங்கி வந்தவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். நாவலாசிரியர் துடியலூர் தனபால். மில் தொழிலாளி. இதுவரை அவர் எழுதிய நாவல்கள் எல்லாம் போன வேகத்தில் மூட்டையாகத் திரும்பி வந்தவை. 'ஓடையில் ஒரு வளையல்' ஒன்றுதான் திரும்பவில்லை.

ராமாமணி அதன் பிரதியை எடுத்துப் பார்த்தாள். அட்டையில் மஞ்சள் தாவணி போட்ட ஒரு பெண். ஸ்டுடியோவில் வரைந்து வைத்த அருவிக்கு முன்னால் நின்று, யாரோ பக்கத்திலிருந்து சிரிப்புக் காட்டியதுபோல ஒரு புறமாகத் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கண்ணையா எட்டி முதல் பக்கத்தைப் படித்தான். "ஏனுங்க சார், மொதப் பக்கத்துலயே பொண்ணு காலிங்களா?"

"ஆமாங்க. ஓடையில பொணமா மெதக்குறா. அங்கதான் கதையே ஆரம்பிக்குது."

"இத்தனை லட்சணமான பொண்ணை ஒரு பக்கமாச்சும் உசுரோட உட்டிருக்கலாமுங்க."

தனபால் கூச்சத்தோடு சிரித்தார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

"தனபாலு, கீழ போய் டீக்குச் சொல்லிப்போட்டு வா கண்ணு," என்றார் பரீத். தனபால் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் குரலைத் தாழ்த்தினார். "திங்கக்கிழமை மில்லு வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறானுங்க. இனிமே எழுத்துதான் பாய்ங்கறான். இந்த ஒரு புஸ்தகத்தை நம்பி. அவனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க அம்மணி."

"என்ன பயம்? விக்குதுங்களே?"

பதில் உள்ளறையிலிருந்து வந்தது. பரீத்தின் மனைவி ரம்ஜான் பீவி. தபால்களைப் பிரித்து, வாசகர் கடிதம் பகுதிக்குத் தேர்ந்தெடுப்பது அவள் வேலை. "கதை நல்லா இருந்தா லெட்டரு வருமுங்க. நல்லா இல்லீன்னா இன்னும் சாஸ்தியா வரும். போன தீவாளிக் கதையில செத்துப்போனவன் நாலு அத்தியாயம் தள்ளி காப்பி குடிச்சுப்போட்டான். அதுக்கு வந்த திட்டு ஒரு சாக்கு! இந்தக் கதைக்கு ஒரு கார்டு வரலீங்க. ஒரே ஒரு கார்டுகூட!"

ராமாமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்ப வாங்குனவங்க படிக்கலை."

"அத்தனை பேருமாங்க?" என்றாள் ரம்ஜான் பீவி.

"அத்தனை பேர் வாங்கியிருந்தா ஒருத்தராச்சும் எழுதியிருப்பாங்க. வாங்குனது ஒரே ஆள்."

பரீத் கண்களை மூடித் திறந்தார். அவருக்கும் அந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். "கீழ ரெண்டாவது பதிப்பைக் கட்டிட்டிருக்காங்க. பொழுதோட பஸ்ஸுல ஏத்தோணும். அதுக்குள்ள அந்த ஆளு ஆருன்னு சொல்லிப்போட்டீங்கன்னா, தனபாலுகிட்ட நான் பேசிக்குவேன்."

டீ கிளாஸ்களோடு தனபால் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. முகம் மட்டும் மலர்ந்துதான் இருந்தது.

"ஒரே ஆளுங்களா? என் கதைய ஊர் ஊராப் போயி வாங்கறாருன்னா... நானும் வாரேனுங்க. அவரை நான் பாக்கோணும்."

வேண்டாம் என்று சொல்ல ராமாமணிக்கு வாய் வரவில்லை.

*

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருக்கும் பங்காரம்மாவுக்குக் கேள்வியை முடிக்கும் வரை பொறுமை இல்லை.

"அந்தாளுங்களா? வெள்ளைச் சட்டை, வேட்டி, கையில மஞ்சப்பை. நாட்டுப்புறத்து மனுசன். வந்தாரு, நின்னாரு, அப்படியே பாத்துட்டே இருந்தாரு. அப்பறம் எல்லாத்தையும் எடுத்துக்கறேனுட்டாரு. மீதிச் சில்லறைகூட வாங்கலை."

"சந்தேகமே இல்லீங்க சார், உங்க ரசிகருதான்," என்றான் கண்ணையா. "எனக்கெல்லாம் மீதிச் சில்லறைய உடற அளவுக்கு எந்தக் கதையும் புடிச்சதில்லை."

தனபால் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கடையின் முகப்பில் இரண்டு நைலான் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. பாக்கெட் நாவல்கள் துணிக் கிளிப்பில் மாட்டி வரிசையாகத் தொங்கின. ராமாமணி அவற்றைப் பார்த்தாள். "நீங்கதான் எறக்கிக் குடுத்தீங்களா?"

"எங்கீங்க! நான் எப்பவும் படக்குனு இழுப்பேன். இழுக்காதீங்கன்னுட்டாரு. ஸ்டூலைப் போட்டு ஏறி, அவரே ஒண்ணொண்ணா கிளிப்பை எடுத்து, துண்டுல தொடச்சு, பைக்குள்ள வெச்சாரு. பிரியாணியப் பொட்டலங் கட்டுற மாதிரி அப்படியொரு பதனம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டாருங்களா?"

"ஒண்ணை மட்டும் வேண்டாம்னுட்டாரு." பங்காரம்மா பலகைக்கு அடியில் கையை விட்டு ஒரு நாவலை எடுத்துப் போட்டாள். அட்டை இல்லை. முதல் பக்கம் வெளியே தெரிந்தது. "இது அட்டை கழண்டு போச்சு. கதை முழுசா இருக்குதுங்க, சும்மாவே கொண்டு போங்கன்னேன். தொட்டுக்கூடப் பாக்கலை."

"அட்டை என்னாச்சு?"

"அதை நான் டீ கிளாஸுக்கு மூடி வெச்சிருந்தேன். கறை புடிச்சுக் கெடந்துச்சு. அதைக் கேட்டு வாங்கிட்டாரு. சட்டையில தொடச்சு, இப்படி..." அவள் தன் நெஞ்சுப் பக்கம் கையை வைத்துக் காட்டினாள். "ஜோப்புல வெச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

கண்ணையாவின் வாயில் ஏதோ ஒரு பேச்சு வந்து நின்றது. தனபாலைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டான்.

தனபால் அட்டையில்லாத தன் நாவலைக் கையில் எடுத்தார். புரட்டினார். மறுபடி பலகை மேலேயே வைத்தார்.

"அப்ப கதை வேண்டாங்களா அவருக்கு?" என்று ராமாமணியிடம் கேட்டார்.

"அவருக்கு வேணுங்கறது அட்டைங்க. அந்தப் பொண்ணோட படம்."

தனபால் தலையாட்டினார். பக்கத்துக் கடையில் யாரோ பழனி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்க, அவர்தான் திரும்பி நின்று பொறுமையாக வழி சொன்னார்.

*

எஸ்.டி.டி. பூத்திலிருந்து ராமாமணி பரீத்தைப் பிடித்தாள். அட்டைப் படம் எங்கே கிடைத்தது?

"பொள்ளாச்சியில ஒரு ஸ்டுடியோக்காருங்க. நம்ம அட்டை டிசைன் பண்ற பையன் அங்கதான் படம் வாங்குவான். பூ, கொழந்தை, பொண்ணுன்னு கலந்து குடுப்பாங்க." பரீத்தின் குரல் இறங்கியது. "அந்தப் புள்ளைகிட்ட ஆராச்சும் கேட்டாங்களான்னு நான் கேக்கலீங்க அம்மணி. கேட்டிருக்கோணும்."

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினார்கள். தனபால் ஜன்னலோரம், பக்கத்தில் ராமாமணி, பின்சீட்டில் கண்ணையா.

"அக்கா, எனக்குத் தோணறதைச் சொல்லட்டுங்களா?" என்றான் கண்ணையா. "வயசுப் பொண்ணு படம் கொலை நாவல் அட்டையில வந்துருச்சு. ஊட்டுல மானம் போச்சுன்னு அப்பங்காரன் ஊர் ஊராப் போயி வாங்கிட்டு வந்து கொளுத்தறாரு. அந்த ஊட்டுல மாசி மாசத்துல போகி நடக்குது."

ராமாமணிக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் கொளுத்துவதற்கு வாங்குகிறவன் எதற்காகத் துண்டால் துடைக்கிறான்?

பஸ் கிணத்துக்கடவு தாண்டியது. தனபால் வெளியே தென்னந்தோப்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க ஊட்டுக்காரி பாவாத்தாளுக்கு நான் எழுதறது ஆகாதுங்க. கரண்டு ஆகுது, லைட்டை அணைங்கன்னுட்டே இருப்பா. இந்தப் புஸ்தகம் வித்துத் தீந்துச்சுன்னு பாய் சொன்னதுக்கப்பறம் ஒரு நாள் எழுதிட்டிருந்தேன். அவளே வந்து, கண்ணு வலிக்கும், இந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்கன்னு லைட்டைத் திருப்பி வெச்சுட்டுப் போனா."



*

பொள்ளாச்சி ஸ்டுடியோக்காரர் முதலில் எந்தப் படமும் எனக்குத் தெரியாது என்றார். கண்ணையா, அட்டையில் இருந்த அருவியையும் அவருடைய பின்சுவரில் வரைந்திருந்த அருவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு அருவியிலயும் தண்ணி மேல் நோக்கிப் போகுதுங்களே அண்ணா. இந்த ஏரியாவுல இது ஒண்ணுதானுங்களா, வேற இருக்குதுங்களா?"

ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்கு அனுப்பறதுக்கு எடுத்த படமுங்க. ஆவணியில வந்தாங்க. பொண்ணு, அப்பா, அம்மா. நின்னு எடுத்த படமெல்லாம் வெறைப்பா இருந்துச்சு. கடைசியில அப்பங்காரரு ஏதோ சொன்னாரு, அந்தப் புள்ளைக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்ப அமுக்குனதுதான் இது. அவங்க வேண்டாம்னு உட்டுட்டாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்கு நேராப் பாக்குற படம்தானுங்களே வேணும். எனக்கு நெம்பப் புடிச்சிருந்துச்சு. அதனாலதான்... தப்புதானுங்க."

"அவங்கப்பா வந்தாருங்களா?"

"புஸ்தகம் வந்த வாரமே வந்தாரு. சண்டைக்குத்தான் வாராருன்னு நெனச்சேன். ஒரு வார்த்தை திட்டலீங்க. இதோட நெகட்டிவ் இருக்குதுங்களான்னாரு. குடுத்தேன். வாங்கிட்டுப் போயிட்டாரு." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாலுசாமின்னு பேரு. ஆனைமலை ரோட்டுல ஓடையங்காடு. திட்டியிருந்தாலாச்சும் தேவலைங்க."

*

ஓடையங்காட்டில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோப்புக்குள் நடக்க வேண்டியிருந்தது. ஓட்டு வீடு. முன்னால் கட்டுத்தரையில் இரண்டு மாடுகள். பின்கட்டில் ஓர் அம்மாள் தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சட்டைக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்தார்.

"வாங்க, வாங்க. ஆருங்க?"

தனபால்தான் முந்திக்கொண்டார். வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு அது. கைகளைக் கூப்பியபடி மடமடவென்று சொல்லி முடித்தார்.

"அய்யா, நான் தனபாலுங்க. அந்தப் புஸ்தகத்தை எழுதுனது நான்தானுங்க. உங்க பொண்ணு படம்னு எங்களுக்குத் தெரியாதுங்க. கேக்காம போட்டது தப்பு. உங்களைப் பாத்து மன்னிப்புக் கேக்கோணும்னு வந்தோம். உங்க பொண்ணைக் கூப்புடுங்க, அவங்க கால்ல உளுந்துகூடக் கேக்கறேனுங்க."

பாலுசாமி பின்கட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

உள்ளறையில் ஒரு கயிற்றுக் கட்டில். அதன்மேல் பவானி ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் நாவல்கள். எரிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. அட்டை மேலே பார்க்க, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, தூசி படாமல் ஒரு வெள்ளை வேட்டியால் கழுத்துவரை போர்த்தியிருந்தது. டீக்கறை படிந்த ஒற்றை அட்டை தலைமாட்டில் இருந்தது. அந்தப் பெண் கட்டில் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"கோகிலவாணிங்க," என்றார் பாலுசாமி. "ஐப்பசியில போயிட்டா."

ராமாமணியின் கை கண்ணையாவின் தோளைப் பிடித்துக்கொண்டது.

"சந்தைக்கு மாடு கொண்டு போனேனுங்க. முடிச்சுப்போட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அங்க கடையில... கயித்துல... கிளிப்புப் போட்டு..." அவர் நிறுத்தினார். "ஒண்ணு இல்லீங்க. ஒரு வரிசை. காத்துல ஆடிட்டிருந்தா. ஐப்பசியில எம்புள்ளையக் கயித்துல இருந்து எறக்குனவன் நானுங்க. வேற ஆரும் தொடக் கூடாதுன்னு நானே எறக்குனேன். மறுபடியும் பாத்துட்டுச் சும்மா போக முடியலீங்க. எறக்கி எடுத்துட்டு வந்துட்டேன். மத்த ஊர்லயும் தொங்குமேன்னு அப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. பவானி வரைக்கும் போயிட்டு வந்தேன். மேட்டுப்பாளையம் போனேன். எந்த ஊர்ல எத்தனைன்னு தெரியலீங்க. எல்லாத்தையும் எறக்கிட்டனான்னும் தெரியலை."

தனபால் சுவரில் சாய்ந்திருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"இங்க போன் எங்கீங்க இருக்குது?"

"பால் சொசைட்டியில..."

தனபால் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார். செருப்பைப் போட மறந்து தோப்புக்குள் ஓடினார். ராமாமணிக்கு அப்போதுதான் உறைத்தது: பொழுது சாய்ந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது பதிப்பு பஸ் ஏறும் நேரம். நாளைக் காலை எல்லா ஊர்க் கயிற்றிலும் அந்தப் பெண் மறுபடி தொங்குவாள்.

பாலுசாமியிடம் அதை யாரும் சொல்லவில்லை. அவர் கட்டிலின் ஓரம் விலகியிருந்த வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

*

தனபால் திரும்பி வரும்போது கால் விரலில் ரத்தம் கசிந்தது. ராமாமணியும் கண்ணையாவும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

"மொதல்ல பாய் இல்லீங்க. கட்டோட உக்கடத்துக்குக் கெளம்பிட்டாராம். ரம்ஜான் அக்காதான் எடுத்தாங்க. விசயத்தைச் சொன்னேன். போனைக்கூட வெக்காம ஓடுனாங்க, ஆட்டோன்னு கத்துறது கேட்டுச்சு. கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டேன். பாய் பேசுனாரு. பஸ் மேல ஏத்துன கட்டெல்லாம் எறக்கியாச்சாம். அட்டையப் பூராவும் கிழிச்சுப்போடறேன்னாரு." மூச்சு வாங்கியது. "கிழிக்க வேண்டாமுங்க, பதனமாக் கழட்டி இங்க கொண்டாந்து குடுங்கன்னேன். அவரே வாரேன்னிருக்காரு."

"கதையை வேற அட்டையில போடுவாருங்களா?" என்றான் கண்ணையா.

"வேண்டாம்னுட்டேன்."

"மில்லு?"

"திங்கக்கிழமை மொத ஷிஃப்ட்டுங்க," என்றார் தனபால்.

பின்கட்டிலிருந்த அம்மாள் மோர்ப் பானையும் சொம்புகளுமாக வந்தாள். பாலுசாமியின் மனைவி மயிலாத்தாள். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தனபால் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் அந்தக் கதைய எழுதுனவருன்னாங்க. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க சாமி. இவரைப் படிச்சுச் சொல்லுங்கன்னா மாட்டேங்கறாரு." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கதையில இவ என்ன பண்றா?"

பாலுசாமி முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனபால் சொம்பைக் கீழே வைத்தார். அவருடைய கதையில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பேச்சுகூடக் கிடையாது. முதல் வரியிலேயே ஓடையில் மிதந்தவள்.

"அவங்க... டவுனுக்குப் போறாங்கம்மா. படிக்கறதுக்கு."

"காலேசுக்குங்களா?"

"ஆமாங்க. ஹாஸ்டல்ல தங்கி."

"ஹாஸ்டல் சோறு இவளுக்கு ஒத்துக்காதுங்களே."

"மொதல்ல ஒத்துக்கலைதானுங்க. அழுகறாங்க. அப்பறம் ஒரு சிநேகிதி கெடைக்கறா. ராமாமணின்னு பேரு. அவளுக்கு ஊட்டுல இருந்து பலகாரமெல்லாம் வருது. ரெண்டு பேரும் பங்கு போட்டுத் திங்கறாங்க."

மயிலாத்தாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பரீட்சை வந்தது. பொங்கல் லீவு வந்தது. தனபால் நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னார். கட்டுத்தரையில் மாடு கத்தியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"கதைக்குப் பேரு ஏதோ வளையல்னு சொன்னாங்களே?"

"லீவுக்கு வந்தப்ப ஓடைக்குக் குளிக்கப் போறாங்க. அங்க வளையலு தொலைஞ்சு போயிருதுங்க. நீங்க போட்டு உட்ட வளையலு. அதைத் தேடறதுதான் கதை."

"கெடச்சுதுங்களா?"

"கெடச்சுருச்சுங்கம்மா."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். சொம்புகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நல்ல கதைங்க," என்றாள். "மத்தவங்களும் படிக்கோணும்."

தனபால் குனிந்து தன் கால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் துடைத்தார்.

*

பஸ் ஏற்றிவிடப் பாலுசாமியும் கூட வந்தார். ரோட்டோரம் ஒரு வாகை மரம். அதன்கீழ் நின்றார்கள். வெயில் தணிந்து, ஆனைமலைப் பக்கமிருந்து காற்று வந்தது.

"நீங்க சொன்னது புஸ்தகத்துல இல்லீங்க," என்றார் பாலுசாமி, தனபாலிடம். "நான் மொதப் பக்கம் படிச்சேன். அதுக்கு மேல போக முடியலை."

"தப்புங்களா?"

"இல்லீங்க." வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து, "அவ இன்னிக்குத் தூங்குவா," என்றார்.

பிறகு ராமாமணியின் பக்கம் திரும்பினார். கேட்கலாமா வேண்டாமா என்று துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"நீங்க துப்பறியறவங்கன்னு இந்தத் தம்பி சொன்னாருங்க. நான் மஞ்சப்பையோட போனதை வெச்சே என்னையக் கண்டுபுடிச்சுட்டீங்க. ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கண்ணா."

"அவ எதுக்கு அப்படிப் பண்ணிப்போட்டான்னு கண்டுபுடிக்க முடியுங்களா?"

ராமாமணி பஸ் வரும் திசையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குக் காலைல எனக்குத் தோசை சுட்டுக் குடுத்தா. சந்தையில இருந்து வரப்ப வெள்ளரிக்கா வாங்கிட்டு வாங்கப்பான்னா. வாங்கிட்டு வந்தேன். வெள்ளரிக்கா வேணுங்கறவ எதுக்குங்க சாகோணும்? கல்யாணம் புடிக்கலையான்னு முன்னயே கேட்டோம். சரின்னுதான் சொன்னா. போலீஸ் வந்தாங்க. வயித்து வலின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அவளுக்கு வயித்து வலியே கெடையாதுங்க அம்மணி. ஒரு நாள்கூட வந்ததில்லை."

அவர் கண்களில் கண்ணீர் இல்லை. பதில் சொல்லத் தெரிந்த ஆள் கடைசியில் கிடைத்துவிட்டாள் என்பதுபோல ராமாமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் அவளிடம் வந்து இப்படி நின்றிருக்கிறார்கள். ஓடிப்போன மருமகன், காணாமல் போன நகை. எதையும் முடியாது என்று அவள் சொன்னதில்லை.

"முடியும்னு சொன்னேன்னா அது பொய்யுங்கண்ணா," என்றாள்.

பாலுசாமி மெதுவாகத் தலையாட்டினார். "சரிங்க. கேக்கோணும்னு இருந்துச்சு."

"ஆனா அவங்களைப் பத்திச் சொல்லுங்க. எப்படி இருப்பாங்க, என்ன பேசுவாங்க, எதுக்குக் கோவிச்சுக்குவாங்க... எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கேக்கறேன்."

அவர் நம்பாமல் பார்த்தார். ஐப்பசிக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பேச்சை மாற்றியவர்கள்தான். மைல்கல் மேல் உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தார்.

"கோவம்னா, அவளுக்கு மாட்டை அடிச்சா ஆகாதுங்க. சின்னதா இருக்கறப்ப ஒருக்கா நான் சாட்டைய எடுத்தேன்னு..."

ரோட்டின் திருப்பத்தில் பொள்ளாச்சி பஸ் தெரிந்தது. ஹார்ன் அடித்தபடி வந்தது. இவர்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, ஏறுறீங்களா என்று கேட்டார்.

ரோட்டோரம் முன்னால் நின்றிருந்தவன் கண்ணையா. போங்கள் என்று அவன்தான் கையை அசைத்தான்.

பஸ் போய்விட்டது. பாலுசாமி பேசிக்கொண்டிருந்தார்.